கம்பியில் இல்லாத சீட்டுகள்

வீட்டுக் காகிதங்களை ஒழுங்குபடுத்தும்போது உட்காரக் கூடாது, நின்றபடிதான் செய்ய வேண்டும். உட்கார்ந்தால் கை ஓய்ந்து கண் படிக்கத் தொடங்கிவிடும். என்றைக்கோ வாங்கிய மின்விசிறியின் உத்தரவாத அட்டையைக் கதைப் புத்தகம் மாதிரி படித்துக்கொண்டிருப்போம், மேசைமேல் குவியல் அப்படியே கிடக்கும். குவியல் மூன்று போதும். வைத்துக்கொள்ள வேண்டியவை, கிழித்துப் போட வேண்டியவை, யாரையாவது கேட்க வேண்டியவை. நான்காவதாக ஒரு குவியல் உருவானால் செய்கிறவருக்கு மனசு சரியில்லை என்று அர்த்தம். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் விடைத்தாள் கட்டுகளை அடுக்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

டாக்டர், என் தங்கைக்கு மறதி எப்போது, எப்படித் தொடங்கியது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னீர்கள். "ஞாபகம் இருக்கிறதை எழுதுங்கம்மா, தேதி முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லை" என்றீர்கள். என்னிடம் தேதி முன்னப்பின்ன இருக்காது. மாத்திரையை இன்னும் கூட்டுவதா, நிறுத்திப் பார்ப்பதா என்று வியாழக்கிழமை இதை வைத்துத்தான் முடிவு செய்யப்போவதாகவும் சொன்னீர்கள். அதனால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா ஒரு தொழிற்சாலையில் பண்டகசாலைப் பொறுப்பாளர். ஒரு திருகாணி வெளியே போனாலும் சீட்டு எழுத வேண்டிய வேலை. அந்த வழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கூடத்து அலமாரியின் மேல் ஒரு மரக்கட்டை, அதில் நட்ட கூரான கம்பி. எதைச் செய்தாலும் அதற்கான ரசீதோ சீட்டோ அந்தக் கம்பியில் ஏற வேண்டும். பால்காரரிடம் சொல்லியாயிற்றா, கம்பியைப் பார். பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வாங்கியாயிற்றா, கம்பியைப் பார். கம்பியில் இல்லாதது நடக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொல்வார், கண்டிப்பான மனிதர் இல்லை. நாங்களும் விளையாட்டாகவே பழகினோம். "பல் தேய்த்தேன்" என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் குத்திவிட்டுப் பள்ளிக்கு ஓடுவோம். தங்கை ஒருநாள் "அழுதேன்" என்று எழுதிக் குத்தியிருந்தாள். எதற்கு அழுதாய் என்று கேட்டால், "அதை எழுதலையே" என்றாள். அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

எனக்குப் பத்து வயது, அவளுக்கு மூன்று வயது கம்மி. என் பென்சில் பெட்டியை உடைத்துவிட்டாள் என்று கன்னத்தில் அறைந்தேன். அவள் அழுதுகொண்டே "அக்கா அடித்தாள்" என்று எழுதிக் கம்பியில் குத்தினாள். அப்பா வரும் நேரம். நான் அந்தச் சீட்டை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். அப்பா உள்ளே நுழைந்ததும் அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் வழக்கம்போலக் கம்பியைக் காட்டினார். அவள் முக்காலிமேல் ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து கன்னத்தைத் தொட்டபடி, "அடிக்கலை போலிருக்குப்பா" என்றாள்.

அப்பாவும் அம்மாவும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கன்னத்தில் என் விரல்கள் சிவந்து தெரிந்தன. அவள் பயந்து பொய் சொல்லவில்லை டாக்டர், நிஜமாகவே அப்படி நம்பினாள். அவளைப் பற்றி நான் மட்டும் அறிந்த விஷயம் அது. நாற்பத்துநான்கு வருடம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், நல்லதற்கும் பயன்படுத்தவில்லை, கெட்டதற்கும் பயன்படுத்தவில்லை.

பெற்றோர் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அவளுக்கு அமைந்த இரண்டு இடங்களையும், "அக்கா இருக்கும்போது எனக்கென்ன அவசரம்" என்று அவளே தட்டிக்கழித்தாள். திரைச்சீலைக் கடையில் அவளுக்கு வேலை. வீடுவீடாகப் போய் ஜன்னல்களை அளந்து, சீட்டில் குறித்து வந்து, மறுநாள் கடையில் துணியை வெட்டித் தைப்பாள். அவள் கத்தரி வைத்தால் ஒரு நூல் பிசகாது என்று கடை முதலாளி ஊரெல்லாம் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பியில் உள்ளதையெல்லாம் உருவி, மேசையில் பரப்பி, எதிரெதிரே நின்று பிரிப்போம். அவள் ஒவ்வொரு ரசீதையும் வானொலிச் செய்தி மாதிரி வாசிப்பாள். "முக்கியச் செய்திகள். அக்கா இந்த வாரமும் நான்கு சோப்பு வாங்கினார். வீட்டில் ஏற்கெனவே பதினோரு சோப்பு இருப்பதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன." எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர எனக்கு வேறு சந்தோஷம் இருந்ததில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவளுக்கு ஐம்பத்தொரு வயதாகும்போது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, கடைக்கு மேலேயே வீடு. அவள் அந்த வீட்டு ஜன்னல்களை அளக்கப் போயிருந்தாள். அதற்கு அடுத்த மாதம் கம்பியில் அவர் கடை ரசீதுகள் மூன்று இருந்தன. ஒன்று புது பிரேமுக்கு, இரண்டு கண்ணாடி துடைக்கும் துணிக்கு.

"ஒரு கண்ணாடிக்கு எத்தனை துணிடி?" என்று கேட்டேன்.

அவள் ரசீதைப் பார்த்தபடி சொன்னாள். "அக்கா, அவர் என்னைக் கட்டிக்கலாமான்னு கேக்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"அக்காகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னேன். நீயும் எங்ககூட வந்துடணும். மாடியில கிழக்குப் பக்கம் ஒரு ரூம் சும்மா கிடக்கு. அந்த ஜன்னலுக்கு நான் அளவுகூட எடுத்துட்டேன். உனக்குப் பிடிச்ச பச்சையில தைக்கப் போறேன்."

"நல்ல விஷயம்தானே. பண்ணிக்கோ" என்றேன். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் இன்னொருவர் வீட்டு மாடியில், இரக்கத்துக்குக் கொடுத்த அறையில், அவர்கள் இருவரும் கீழே சிரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பச்சைத் திரைச்சீலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் கேட்ட தேதி மார்ச் ஆறு, செவ்வாய்க்கிழமை. திரைச்சீலைக் கடை முதலாளியின் மகளுக்கு வெளியூரில் குழந்தை பிறந்திருந்தது. தங்கை ஒரு சின்னச் சட்டை தைத்துப் பார்சல் அனுப்பியிருந்தாள். வந்து சேரவில்லை என்று அந்தப் பெண் போன் செய்தாள். "அனுப்பிட்டேனே" என்றபடி தங்கை கம்பியைப் பார்த்தாள். தபால் சீட்டு இல்லை. ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தாள். பிறகு, "அனுப்பலை போலிருக்கு" என்றாள். அவள் குரல் ஏழு வயதில் இருந்த அதே குரல்தான்.

அது என் வேலை இல்லை. அன்று நான் எதுவும் செய்திருக்கவில்லை. ஆனால் அவள், "அனுப்பலைன்னா பார்சல் எங்கேக்கா? எங்கே கொண்டு வெச்சேன்?" என்று கேட்டுக்கொண்டே வீடு முழுக்கத் தேடி, களைத்துப்போய், சாயங்காலம் கண்ணாடிக்காரரைப் பார்க்கப் போகாமல் என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். அம்மா போன பிறகு அவள் அப்படிப் படுத்ததே இல்லை. நான் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, எரிவாயு ரசீதின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த தபால் சீட்டைப் பார்த்தேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் காட்டியிருந்தால் சிரித்திருப்பாள், விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் அதை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் இன்னொரு சட்டை தைத்து மறுபடியும் அனுப்பினாள். இரண்டும் வந்து சேர்ந்ததாகச் செய்தி வந்தபோது அவள் முகம் வெளிறிவிட்டது. "பாரேன், ரெண்டு தடவை அனுப்பியிருக்கேன். முதல் தடவை அனுப்பினது எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகத்தை அவளே நம்ப மறுத்துவிட்டாள். எனக்கு அதிகம் வேலை வைக்காமல் பாதியை அவளே செய்துகொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு நான் செய்தவை. மார்ச் பத்தொன்பது, என் ரத்த அழுத்த மாத்திரை வாங்கிய பில்லை எடுத்துவிட்டேன், மாத்திரையையும் என் அலமாரியில் வைத்துவிட்டேன். அவள் திரும்பப் போய் வாங்கி வந்தாள். மார்ச் இருபத்தெட்டு, நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுத்த சீட்டு. ஏப்ரலில் நான்கு. செருப்பு தைக்கக் கொடுத்த சீட்டை மட்டும் எடுக்காமல் அவள் தையல் பெட்டிக்குள் போட்டேன், அங்கே வைத்தது தான்தான் என்று அவளாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்று. நினைத்துக்கொண்டாள். மொத்தம் நாற்பத்துமூன்று. ஒன்றைக்கூட நான் கிழித்துப் போடவில்லை. என்னால் அது முடியாது, காகிதத்தை அழிப்பது எனக்கு வராது. எல்லாவற்றின் பின்னாலும் பென்சிலில் தேதி குறித்து ஒரு உறையில் வைத்திருக்கிறேன். கடைக்காரர்கள் இப்போது தருகிற வழவழப்புத் தாளில் எழுத்து நிற்பதில்லை, பாதி ரசீதுகள் வெளுத்துப்போய்விட்டன.

ஜூன் பதினெட்டு, திங்கட்கிழமை, பதினொரு மணிக்குத் திருமணப் பதிவு. முந்தின நாள் அவள் பிறப்புச் சான்றிதழை ஒரு உறையில் வைத்து, என்னிடம் காட்டி, "நீயும் பார்த்துக்கோ அக்கா, எனக்கு இப்பல்லாம் என்மேல நம்பிக்கை இல்லை" என்றாள். நான் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்று சொன்னேன். காலையில் அவள் உடை மாற்றும்போது சான்றிதழை எடுத்துவிட்டு, கனம் தெரியாமல் இருக்க நாலைந்து பழைய அளவுச் சீட்டுகளை வைத்து உறையை மூடினேன்.

சாட்சிக் கையெழுத்துப் போட நானும் போயிருந்தேன். பதிவு அலுவலகக் கவுண்டரில் அவள் உறையைத் திறந்து கவிழ்த்தாள். யார் யார் வீட்டு ஜன்னல் அளவுகளோ விழுந்தன. அந்த அலுவலர் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. கண்ணாடிக்காரர் உடனே, "அதனால என்ன, அடுத்த வாரம் வந்துக்கலாம்" என்றார். அவள் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி உறையில் வைத்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மூன்று நாள் கழித்துச் சான்றிதழ் பிரிட்ஜில் முட்டைத் தட்டுக்கு அடியில் அவள் கையில் கிடைத்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர் டாக்டர். என்னைச் சந்தேகப்படலாம் என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அளவுச் சீட்டில் அளவை மாற்றியது ஒரே ஒரு முறைதான். அவளுக்கு எழுதப் பழக்கியது நான், அதனால் எங்கள் இருவர் எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். ஒரு மண்டபத்தின் பன்னிரண்டு ஜன்னல்களுக்கான சீட்டை எடுத்துக்கொண்டு, உயரத்தை ஒரு சாண் குறைத்துப் புதிதாக எழுதிக் கம்பியில் குத்தினேன். மறுநாள் அவள் பன்னிரண்டையும் வெட்டினாள். முதலாளி திட்டவில்லை. "கொஞ்ச நாள் வீட்டுல ஓய்வா இரும்மா" என்று சொல்லி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனார். வெட்டும்போது நீளம் குறைவாக இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியதாம். சீட்டில் அப்படித்தான் இருந்தது என்பதால் வெட்டிவிட்டாளாம்.

அன்று சாயங்காலம் அவளே கண்ணாடிக்காரருக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு என்னமோ ஆகுதுங்க. அக்கா மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியலை. உங்களுக்கும் பாரமா நான் வரமாட்டேன்" என்றாள். அவர் அடுத்த கால்மணி நேரத்தில் வாசலில் நின்றார், கடையைச் சாத்தக்கூட இல்லையாம்.

"மறந்தா மறந்துட்டுப் போகட்டும். நான் எதுக்கு இருக்கேன், ஞாபகப்படுத்தறேன்" என்றார்.

"இன்னைக்கு உங்க பேர் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் அவள். "அது இல்லாம போற அன்னைக்கு நீங்க என் முன்னாடி நிக்கக் கூடாது. என்னால அதைத் தாங்க முடியாது. போயிடுங்க."

அவர் அழுதார். ஐம்பத்தாறு வயது மனிதர், எங்கள் கூடத்தில் நின்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் அக்கா" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அன்றோடு நான் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு சீட்டைக்கூட நான் தொடவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரெதிரே நிற்போம், அவள் செய்தி வாசிப்பாள் என்று நினைத்தேன். அவள் வாசிக்கவில்லை. நான் எடுக்காத சீட்டுகளும் காணாமல் போகத் தொடங்கின. உங்களுக்கு முன் பார்த்த டாக்டரிடம் அவளே போய், தனக்கு நினைவு அழிகிறது என்று உதாரணங்களோடு சொன்னாள். நாற்பத்துமூன்றில் முப்பதையாவது சொல்லியிருப்பாள். அவர் மாத்திரை எழுதினார். மாத்திரையில் பகலெல்லாம் தூங்கினாள், கை நடுக்கம் வந்தது, கத்தரி பிடிக்க முடியாமல் போயிற்று. இப்போது எங்கள் வீட்டுக் கதவுகள், டப்பாக்கள், குழாய்கள் எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. அவள் ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத்தான் தொடுகிறாள். மூன்று வருடமாயிற்று.

கண்ணாடிக்காரர் மாதத்தின் முதல் ஞாயிறு வருகிறார். அவள் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, தளராத திருகாணியைச் சின்னத் திருப்புளியால் ஒருமுறை இறுக்கி, துணியால் துடைத்து, அவள் முகத்தில் மாட்டிவிட்டுப் போகிறார். போன முறை அவர் போன பிறகு, "நல்ல மனுஷன். இவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா அக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளிடம் வாய்விட்டுச் சொல்லியும் பார்த்துவிட்டேன். போன மாதம், தலை வாரிவிடும்போது, பார்சலில் தொடங்கி மண்டபத்து ஜன்னல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு திரும்பி என் கன்னத்தைத் தடவினாள். "என்மேல உள்ள பாசத்துல நீ பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கறே. அப்படி நடந்திருந்தா எங்கேயாவது ஒரு சீட்டு இருக்குமே அக்கா" என்றாள். அந்த உறை அடுத்த அறையில்தான் இருந்தது. ஏழெட்டு அடி தூரம். நான் எழுந்து போகவில்லை. மீதித் தலையை வாரிப் பின்னிவிட்டேன்.

போன முறை ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு, ஏன் இப்படி இருக்காங்கன்னுதான் எனக்குப் பிடிபடலை" என்றீர்கள். உங்களுக்குப் பிடிபடாததில் வியப்பில்லை. என் தங்கைக்கு எந்த நோயும் இருக்கவில்லை. தெளிவான, கெட்டிக்காரியான, கல்யாணத்துக்குத் தேதி குறித்த ஒரு பெண்ணின் மூளையை அவளிடமிருந்து நான்தான் எடுத்தேன், ஒவ்வொரு சீட்டாக. மாத்திரையை நிறுத்துங்கள். கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். உறையில் உள்ள நாற்பத்துமூன்றையும் அவள் முன் பரப்பி வையுங்கள். காகிதத்தைப் பார்த்தால் நம்புவாள். அவள் மீண்டு வர வழி இருக்கிறதென்றால் அது ஒன்றுதான்.

இதைத் தேதி போட்டுக் கையெழுத்திட்டு உறையில் வைக்கிறேன். வியாழக்கிழமை உங்கள் கையில் கொடுப்பேன்.

போன முறையும் அப்படித்தான் எழுதினேன். அதற்கு முந்தின முறையும்தான். நீங்கள் எங்களை இதுவரை நான்கு முறை பார்த்திருக்கிறீர்கள். இதேபோல நான்கு உறைகள் அலமாரியின் கீழ்த்தட்டில் தேதிவாரியாக இருக்கின்றன. உங்கள் அறை வாசலில் பெயரைக் கூப்பிடும்போது அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அப்போது கைப்பையில் உறைக்குப் பக்கத்தில் இருக்கிற பட்டியலைத்தான் எடுத்து நீட்டுகிறேன். அந்த மாதம் அவள் எதையெல்லாம் மறந்தாள் என்ற பட்டியல். இரண்டாவது பட்டியலைப் பார்த்துத்தான் நீங்கள் மாத்திரையை இரட்டிப்பாக்கினீர்கள். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இந்த வியாழனுக்கும் எழுதி வைத்துவிட்டேன், முன்னெச்சரிக்கையாக.

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள் டாக்டர். உண்மை தெரிந்தால் அவளை என்னிடமிருந்து பிரித்துவிடுவீர்கள், அது உங்கள் கடமை. என்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சட்டை பொத்தான்கூடப் போடத் தெரியாமல் நிற்கிறாள் அவள். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?